ஞாயிறு வாசகங்களைத் தியானித்து மறையுரைக்குத் தயாராவது எப்படி: ஒரு முழு வாரத்துக்கான வழிகாட்டி

அடுத்த ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கப்பட்டு, மறையுரையில் (பிரசங்கத்தில்) நீங்கள் பேசப்போகும் விவிலிய வாசகங்களை இந்த ஞாயிறு மாலையே ஒருமுறை வாசித்துவிடுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம், விளக்கவுரையைப் புரட்ட வேண்டாம், சும்மா வாய்விட்டு வாசித்துவிட்டுப் படுக்கப் போங்கள். இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்தப் பத்து நிமிடம்தான். வாசகம் மனதில் விழுந்துவிட்டால், நாம் வேறு வேலை பார்க்கும்போதும் அது உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகும்போதோ, பேருந்துக்காக நிற்கும்போதோ, வீட்டில் ஏதாவது வாக்குவாதம் முற்றும்போதோ அதில் ஒரு வசனம் தானாக எழுந்து வரும். சனிக்கிழமை இரவு முதல்முறையாக வாசிப்பவருக்கு இது கிடைக்காது. அவர் வாசகத்திடம் ‘நாளைக்குப் பேச ஏதாவது கொடு’ என்றுதான் கேட்பார். ‘நீ என்ன சொல்கிறாய்’ என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

நானும் பல ஆண்டுகள் சனி இரவில்தான் தயாரித்தேன். பேச்சு வந்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் எந்த வாசகம் வந்தாலும் நான் சொன்னது ஒன்றேதான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது: கடவுளை நம்புங்கள், பிறரை அன்பு செய்யுங்கள், ஜெபத்தை விடாதீர்கள். மூன்றும் உண்மை. ஆனால் அதைச் சொல்ல அந்த ஞாயிறின் வாசகம் தேவைப்படவே இல்லை. என் யோசனைக்கு வசனத்தை ஆதாரமாக வைத்தேனே தவிர, வசனத்திலிருந்து எதையும் கேட்கவில்லை. அங்கிருந்துதான் நான் மாறத் தொடங்கினேன்.

முதலில், எந்த வாசகம், ஏன் இந்த வாசகம்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களுக்கு இறைவார்த்தை இன்னும் நிறைவாகக் கிடைக்க வேண்டும் என்று 1963இல் சொன்னதன் பலனாக 1969இல் வந்த ஏற்பாடு இது. முதலாம் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலம்) பாஸ்கா காலத்திலும் (உயிர்ப்பு விழாவும் அதைத் தொடரும் வாரங்களும்) அதிகம் வரும், மாற்கு சின்ன நூல் என்பதால் அந்த ஆண்டின் நடுவே யோவான் 6ஆம் அதிகாரம் ஐந்து ஞாயிறுகளுக்கு வரும். (அந்த ஐந்து வாரமும் ‘நானே வாழ்வு தரும் உணவு’ பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஐந்தையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் மூன்றாம் வாரமே சரக்கு தீர்ந்துவிடும்.) பல சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் திருத்தப்பட்ட பொது வாசகப் பட்டியல் 1992இல் வெளியானது, அதுவும் இதே மூன்றாண்டு அமைப்பில்தான் போகிறது. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்கா ஆண்டு. 2025 அப்படித்தான். ஆனால் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் தொடங்குகிறது. ஆகவே 2025 நவம்பர் 30 அன்றே 2026க்குரிய மத்தேயு ஆண்டு வந்துவிட்டது.

இதைவிட முக்கியமான விஷயம், வாசகங்களை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது. கத்தோலிக்கப் பட்டியலில் பொதுக்கால (சிறப்புக் காலம் எதிலும் சேராத) ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது, பதிலுரைப் பாடல் என்பது அந்த முதல் வாசகத்தைக் கேட்டு மக்கள் மறுமொழியாகப் பாடும் திருப்பாடல். இரண்டாம் வாசகம் அப்படியில்லை. அது புதிய ஏற்பாட்டுத் திருமுகம் (கடிதம்) ஒன்றை வாராவாரம் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டே போகிறது, அன்றைய நற்செய்திக்காக எடுத்தது அல்ல. இது தெரியாமல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்து எத்தனையோ பேர் திணறுகிறார்கள், நானும் திணறியிருக்கிறேன். பொருந்தினால் மகிழ்ச்சி, பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம், பெருவிழாக்கள் ஆகியவற்றில் மட்டும் மூன்றும் காலத்தின் பொருளை ஒட்டி அமைந்திருக்கும். பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டுக்குப் பதில் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வரும். பொது வாசகப் பட்டியலில் பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஞாயிறுகளுக்குப் பழைய ஏற்பாட்டில் இரண்டு பாதைகள் உண்டு: ஒன்று நற்செய்தியோடு இணைந்து போகும், இன்னொன்று பழைய ஏற்பாட்டுக் கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போகும். உங்கள் சபை எந்தப் பாதையில் போகிறது என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

திங்கள்: விட்டுப்போன வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்

பட்டியல் தரும் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒரு அதிகாரமாவது வாசிக்க வேண்டும். அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் போட்டவை, புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் வந்தவை. எழுதியவர் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. பட்டியல் சில நேரம் கதையையே இரண்டாக வெட்டும். லூக்கா 4இல் இயேசு நாசரேத்தில் இறைவாக்கினர் எசாயாவின் நூலை வாசிக்கும் காட்சி ஒரு ஞாயிறு வருகிறது, ஊரே எழுந்து அவரை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி அடுத்த ஞாயிறு வருகிறது. முதல் பாதியை மட்டும் வாசித்தவர் அதை வெற்றிக் கதை என்றே நினைத்துவிடலாம்.

எண்களில் இடைவெளி இருந்தால் (19, 22-24 என்பதுபோல) விட்ட வசனங்களைக் கட்டாயம் பாருங்கள். திருப்பாடல் 137இல் பாபிலோன் ஆறுகளின் அருகே அமர்ந்து அழுத வரிகள் ஞாயிறு வழிபாட்டில் வரும், பழிவாங்கலைப் பேசும் கடைசி மூன்று வசனங்கள் வராது. நீங்கள் அதைப் பிரசங்கிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்குள் அவ்வளவு கோபம் இருந்தது என்று தெரிந்தவர் அந்தக் கண்ணீரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்.

அப்புறம், இரண்டு மொழிபெயர்ப்புகளிலாவது வாசியுங்கள். தமிழில் நமக்கு இது பெரிய கொடை. பழைய பரிசுத்த வேதாகமத்தையும் 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால், கிரேக்கம் தெரியாதவருக்கும் எந்தச் சொல்லில் ஆழம் இருக்கிறது என்று பிடிபடும். இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே நின்று தோண்டுங்கள்.

செவ்வாய், புதன்: வாசகத்தின் பக்கத்தில் உட்காருவது

இந்த வேலையின் மையமே இதுதான், ஆகவே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டே காட்டுகிறேன். மாற்கு 10:46-52, எரிகோவில் பர்த்திமேயு. மாற்கு ஆண்டின் பொதுக்காலம் 30ஆம் ஞாயிறில் வரும்.

முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளில் கண்ணில் படுவதை மட்டும் எழுதுவது. கருத்து வேண்டாம், விளக்கம் வேண்டாம். யார் இருக்கிறார்கள், எங்கே, யார் என்ன செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள். எழுதிப் பார்த்தால்: அவர் வழியோரம் அமர்ந்திருக்கிறார். கத்துகிறார். கூட்டம் அதட்டுகிறது. இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். நேரே போகவில்லை, ‘அவரைக் கூப்பிடுங்கள்’ என்கிறார். அதட்டிய அதே கூட்டம் இப்போது ‘துணிவுடன் எழுந்து வாரும்’ என்கிறது. மேலுடையை எறிகிறார். குதித்தெழுகிறார். ஒரு கேள்வி, ஒரு பதில், பார்வை. கடைசியில் அவர் இயேசுவைப் பின்பற்றி வழி நடக்கிறார்.

இப்போது அந்தத் தாளையே இன்னொரு முறை பாருங்கள். தொடக்கத்தில் வழியோரம் இருந்தவர் முடிவில் வழியில் இருக்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் ‘வழியருகே’, ‘வழியிலே’ என்று இன்னும் பளிச்சென்று தெரியும். ஏழு வசனத்துக்குள் ஒரு மனிதர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டார். அந்த வழி எங்கே போகிறது? அடுத்த அதிகாரம் எருசலேமை நெருங்குவதோடு தொடங்குகிறது. பார்வை கிடைத்ததும் அவர் முதலில் நடந்தது சிலுவையை நோக்கிப் போகும் பாதையில். எந்த விளக்கவுரையும் திறக்காமல் இது கிடைக்கிறது, கண் மட்டும் நிதானமாக இருந்தால் போதும்.

அடுத்து, விநோதமாக இருப்பதைத் தேடுங்கள். எது இங்கே இடிக்கிறது? பார்வையற்ற ஒருவர் கத்திக் கூப்பிட்டு வந்து நிற்கிறார், அவரிடம் ‘உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்’ என்று இயேசு கேட்கிறார். தெரியாதா என்ன? இப்படி இடிக்கும் இடத்தை மழுப்பாதீர்கள், நல்ல மறையுரைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பத்து வசனம் முன்னால், 36ஆம் வசனத்தில், தம் சீடர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் வலப்புறம் ஓர் இருக்கை, இடப்புறம் ஓர் இருக்கை கேட்டார்கள். இவர் பார்வை கேட்டார். மாற்கு இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கூடவே நடந்த சீடர்களுக்குத் தெரியாத ஒன்று வழியோரம் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது: தனக்குத் தெரியவில்லை என்பது.

மொழிபெயர்ப்பு வேறுபாடும் இங்கே பேசும். திருவிவிலியம் ‘உமது நம்பிக்கை உம்மை நலமாக்கிற்று’ என்கிறது, பழையது ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்கிறது. மூலச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, உடல் நலமும் மீட்பும் அதில் ஒட்டியே இருக்கின்றன. இன்னொன்று, பழையதில் பிச்சைக்காரர் ‘அவன்’, புதியதில் ‘அவர்’. மேடையில் நின்று வாய்விட்டு வாசிக்கும்போது இந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இணை நற்செய்திகளையும் ஒரு கண் பாருங்கள். மத்தேயுவில் இரண்டு பேர், பெயர் இல்லை. லூக்காவில் ஒருவர், பெயர் இல்லை. அந்த இரண்டு நற்செய்திகளிலும் மேலுடை பற்றிய பேச்சே இல்லை. மாற்குவில் நலம் பெற்றவர்களில் பெயர் சொல்லப்படுவது இவர் ஒருவருக்குத்தான். மூன்றையும் கலந்து ஒரே கதையாக ஆக்கிவிடாதீர்கள், அந்த ஞாயிறு மாற்கு பேசட்டும்.

மற்ற வாசகங்கள்

அதே ஞாயிறின் முதல் வாசகம் எரேமியா 31:7-9: நாடு கடத்தப்பட்டவர்களைக் கடவுள் கூட்டி வரும்போது அந்தக் கூட்டத்தில் பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் இருப்பார்கள் என்கிறது. இது ஏன் பர்த்திமேயுவுக்குப் பக்கத்தில் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், எரேமியாவில் அவர்கள் பார்வை பெற்ற பிறகு சேர்க்கப்படவில்லை, இருக்கிறபடியே ஊர்வலத்தில் நடக்கிறார்கள். பதிலுரைப் பாடல் திருப்பாடல் 126, கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுப்பார்கள். திருப்பாடலைப் பெரும்பாலானோர் மறையுரையில் தொடுவதே இல்லை, எனக்கு அது வருத்தம்தான். மக்கள் வாயால் பாடிய ஒரே வாசகம் அது, அதன் ஒரு வரியை எடுத்துப் பேசினால் அவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

வியாழன்: விளக்கவுரை இப்போதுதான்

விளக்கவுரையை முதலிலேயே திறந்தால் உங்கள் கேள்விகள் பிறக்கும் முன்பே பதில்கள் வந்து நின்றுவிடும். மூன்று நாள் சொந்தமாகப் போராடிய பிறகு திறந்தால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும். உதாரணமாக, மாற்கு 8:22-26இல் பெத்சாய்தாவில் ஒருவர் இரண்டு கட்டமாகப் பார்வை பெறுகிறார். அதற்கும் பர்த்திமேயுவுக்கும் இடையில் இயேசு தம் சாவை மூன்று முறை முன்னறிவிக்கிறார், மூன்று முறையும் சீடர்களுக்குப் புரியவில்லை. பார்வை பெறும் இரண்டு கதைகளுக்கு நடுவே பார்க்கத் தெரியாத சீடர்கள். நல்ல விளக்கவுரை இப்படி ஒரு பெரிய படத்தைக் காட்டும். நீங்கள் கண்டதாக நினைத்த ஏதாவது தவறு என்றும் காட்டும், அப்போது மனதைக் கடினமாக்காமல் கைவிட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பரிசேயர், யூதர் என்று வரும் இடங்களில் அவர்களைக் கெட்டவர்களாகவும் நம்மை நல்லவர்களாகவும் வைத்துப் பேசுவது சுலபம். இயேசுவும் யூதர், சீடர்களும் யூதர். வாசகத்தின் கடிந்துரை முதலில் வாசிப்பவர் மேல்தான் விழ வேண்டும்.

இதெல்லாம் படிப்பு மட்டும் ஆகிவிடாமல்

12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ இறைவார்த்தை வாசிப்பை ஓர் ஏணியாகச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடல், ஆழ்நிலைத் தியானம். மறையுரைக்குத் தயாரிப்பவர்கள் முதல் இரண்டு படியில் ஏறி அங்கிருந்து நேரே மேடைக்குத் தாவிவிடுகிறோம். வாரத்தில் ஒருநாளாவது, எதையும் எழுதாமல், அந்த வாசகத்தை வைத்து உங்களுக்காக மட்டும் ஜெபியுங்கள். ‘உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்’ என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அன்று எனக்கு வந்த பதில் யாக்கோபு, யோவான் கேட்ட வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அதை மறையுரையில் சொல்லவில்லை, ஆனால் அது தெரிந்த பிறகு பேசிய குரல் வேறாக இருந்தது.

வெள்ளி: மக்களை அழைத்து உட்கார வையுங்கள்

மனக்கண்ணில் சொல்கிறேன். அந்த ஞாயிறு உங்கள் முன் உட்காரப்போகும் ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள்: சமீபத்தில் துணையை இழந்தவர், வேலை போனவர், கடமைக்கு வந்திருக்கும் இளைஞர், கடவுள்மேல் கோபமாக இருப்பவர், ஒரு குழந்தை. நீங்கள் சொல்லப்போவதை ஒவ்வொருவர் காதாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு ஞாயிறு மறக்க முடியாதது. பர்த்திமேயுவைப் பற்றிப் பேசும்போது ‘குருடு’ என்பதையே பாவத்துக்கு அடையாளமாக்கி, நாமெல்லாம் குருடர்கள், நம் குருட்டுத்தனம் நீங்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தமாகச் சொன்னேன். முடிந்ததும் பார்வையற்ற ஒரு பெரியவர் கைத்தடியோடு என்னிடம் வந்தார். “ஐயா, என் கண்ணு தெரியாதது பாவமில்லீங்க. நீங்க ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் பக்கத்துல இருக்கிறவங்க என்னைத்தான் பார்த்திருப்பாங்க” என்றார். கோபமே இல்லாத குரல். எனக்குப் பதில் வரவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

அடுத்த முறை அதே வாசகம் வந்தபோது வெள்ளிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டி, “உங்களுக்கு இதுல என்ன கேட்குதுங்க?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “குதிச்சு எழுந்தாருன்னு போட்டிருக்குல்ல, அப்போ அவருக்கு இன்னும் பார்வை வரல. கூட்டத்துக்கு நடுவுல கண்ணு தெரியாதவன் குதிச்சு எழுந்து போகணும்னா, எதிர்ல இருந்து வர்ற குரலை எவ்வளவு நம்பியிருக்கணும்” என்றார். பார்வை உள்ளவர்கள் எழுதிய எத்தனையோ விளக்கங்களில் நான் இதைக் காணவில்லை. எறிந்த மேலுடையும் அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கே விழுந்தது என்று திரும்பித் தேடி எடுக்க அவரால் முடியாது. வாய்ப்பு இருந்தால் ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து வாசகத்தை வாசியுங்கள், நீங்கள் விளக்கம் சொல்லாமல் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

எழுதுவது

இத்தனைக்கும் பிறகு கையில் நிறைய சேர்ந்திருக்கும், அதில் பெரும்பகுதியை விட வேண்டும். ஒரே வாக்கியம் எழுதுங்கள், தலைப்பாக இல்லாமல் முழு வாக்கியமாக. ‘நம்பிக்கை’ என்பது தலைப்பு. ‘பார்வை வருவதற்கு முன்பே எழுந்து நடக்கச் சொல்லும் குரலை பர்த்திமேயு நம்பினார், அதே குரல் நம்மையும் ஓரத்திலிருந்து வழிக்கு அழைக்கிறது’ என்பது வாக்கியம். இதற்கு உதவாத எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டுங்கள். இரண்டு கேள்விகளின் ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அந்த ஆண்டு அதை விட்டுவிட்டேன்.

நீளம் பற்றி: திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார். அரை மணி நேரம் பிரசங்கிக்கும் மரபில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, ஆனால் அளவுகோல் ஒன்றுதான், சொல்ல வந்தது முடிந்ததும் இறங்கிவிடுவது. பேசுகிற மாதிரியே எழுதுங்கள், எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நடுவில் தாள் இருந்தால் குற்றமில்லை. சனிக்கிழமை புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

ஒரு நோட்டு

இதற்கென்று ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் கவனித்தவை, பதில் கிடைக்காத கேள்விகள், சொல்லாமல் வெட்டியவை, பேசிய பிறகு யாராவது சொன்ன ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே வாசகம் திரும்ப வரும். பழைய மறையுரையை அப்படியே எடுத்து வாசிக்க அல்ல, அன்று எட்டாமல் போன இடத்திலிருந்து தொடங்க அது உதவும். என் நோட்டில் பர்த்திமேயு பக்கத்தில் இன்னும் ஒரு கேள்வி அப்படியே இருக்கிறது: முதலில் அதட்டி வாயை மூடச் சொன்னவர்களே பிறகு ‘துணிவுடன் எழுந்து வாரும்’ என்றார்களே, அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுக்குள் என்ன நடந்தது? மாற்கு ஆண்டு அடுத்து 2027இல் வருகிறது, அந்தக் கூட்டத்தின் பக்கம் நின்று பேச வேண்டும் என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.